ஓடும்போது ஒன்று, நிற்கும்போது ஒன்று: துணிக்கூரைக்கும் இரும்புக்கூரைக்கும் நடுவே ஒரு பழைய போர்ஷே

பின்னணி

கும்பகோணத்துக்குக் கிழக்கே, காவிரிக்கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கிராமம். போர்ஷே வாங்கியவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்தவர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் நிலத்தையும் சின்ன அரிசி ஆலையையும் கவனிக்க ஊருக்கே வந்துவிட்டார். சிங்கப்பூரில் கார் வாங்குவதற்கு அனுமதிச் சான்று எடுக்கவே பெருந்தொகை போய்விடும். அதனால் அங்கே இருந்தவரை ஆசையை அடக்கி வைத்திருந்தார். 2022 ஆடி மாதத்தில் என்னைக் கூப்பிட்டார்.

பழைய கார் வாங்குபவர்களுக்காக வண்டியைப் பார்த்துச் சொல்வது என் தொழில். இருப்பது தஞ்சாவூரில். என்னிடம் வருவது பெரும்பாலும் இன்னோவாவும் ஸ்விஃப்ட்டும்தான், போர்ஷே எப்போதாவது ஒன்று வரும். குடும்பத்துக்கு ஏற்கெனவே ஒரு இன்னோவா இருந்ததால், இது தனக்கென்று வாங்கும் வண்டி என்று அவர் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். இரண்டு சீட், சீட்டுக்குப் பின்னால் எஞ்சின், ஆட்டோமேடிக் கியர். இந்த மூன்றில் மாற்றம் இல்லை என்றார்.

பார்வைக்கு இரண்டு போர்ஷே வண்டிகள் இருந்தன. ஒன்று புதுச்சேரியில் 2010 பாக்ஸ்டர், துணிக்கூரை. மற்றது கோயம்புத்தூரில் 2011 கேமன், இரும்புக்கூரை. பாக்ஸ்டரின் விலை ஐந்து லட்சம் போலக் குறைவு.

இரண்டும் ஒரே வண்டிதான், கூரையைத் தவிர

கேமன் என்பது பாக்ஸ்டரிலிருந்து பிறந்த வண்டி. பாக்ஸ்டர் 1996-இல் வந்தது, அதற்கு இரும்புக்கூரை போட்ட கேமன் 2005-இல் வந்தது. நாங்கள் பார்த்த இரண்டிலும் 2.9 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். பாக்ஸ்டரில் 255 குதிரைத்திறன், கேமனில் 265. எடையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. கூரை திறக்கும் வண்டிக்குத்தான் கூடுதல் விலை வைப்பது கார் கம்பெனிகளின் வழக்கம். இந்த ஜோடியில் மட்டும் அது தலைகீழாக இருந்தது, புதிதாக விற்றபோது கேமன்தான் விலை அதிகம். 2016-இல் 718 என்ற பெயரில் புது வரிசை வந்தபோதுதான் அதை மாற்றினார்கள்.

2009-க்கு முந்தைய வண்டி வேண்டாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். 2008 வரை வந்த எஞ்சின்களில் இடைத்தண்டு பேரிங் என்று ஒன்று உண்டு. அது போனால் எஞ்சினும் கூடவே போகும். 2009 மாடலில் வந்த புது எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது. இரண்டு வண்டியும் அதற்குப் பிந்தையவை என்பதால் எஞ்சின் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்தது. மிச்சம் இருந்தது கூரை ஒன்றுதான். அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

புதுச்சேரியில் பார்த்தது

பாக்ஸ்டர் கடலுக்குப் பக்கத்தில், ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்தது. ஒரு பக்கம் வேப்பமரம், மறுபக்கம் சவுக்கு. துணியின் நிறம் நன்றாகவே இருந்தது. பின்கண்ணாடி துணியோடு ஒட்டியிருக்கும் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் பிரியவில்லை.

இந்த மாடலில் முன்கண்ணாடிக்கு மேல் இருக்கும் கொக்கியை முதலில் கையால் விடுவிக்க வேண்டும். பிறகு பட்டனை அழுத்தினால் மிச்சத்தை மோட்டார் பார்த்துக்கொள்ளும். சுமார் 12 விநாடியில் கூரை பின்னால் மடிந்து உட்கார்ந்துவிடும். 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓட்டிக்கொண்டே செய்யலாம். இந்த வண்டியில் வலதுபக்கம் முன்னே போனது, இடதுபக்கம் பின்தங்கி வந்தது. கடைசியில் ஒரு சின்ன 'டக்'. ஒரே மோட்டார்தான் இரண்டு பக்கத்தையும் கேபிள் வழியாக இயக்குகிறது. ஒரு பக்கம் தாமதித்தால் கேபிளோ, தள்ளுகோலின் பிளாஸ்டிக் முனையோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெரிய செலவில்லை. ஆனால் அப்படியே விட்டு ஓட்டினால் சட்டமே கோணிக்கொள்ளும், அது பெரிய செலவு.

அப்புறம் தண்ணீர். துணிக்கூரையில் விழும் மழைநீர் கூரை மடியும் குழியின் இரு ஓரத்திலும் உள்ள ஓட்டைக்குப் போய், ரப்பர் குழாய் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியே வர வேண்டும். பூவாளியில் தண்ணீர் ஊற்றினோம். வலதுபக்கம் சளசளவென்று கொட்டியது. இடதுபக்கம் சொட்டுச் சொட்டாக. கம்பியில் துணி சுற்றி ஓட்டைக்குள் விட்டு எடுத்தால், சவுக்கு ஊசியும் வேப்பங்காம்பும் மண்ணோடு கலந்து கருப்புக் களியாக வந்தது. இடது சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டை மேலே தொட்டால் காய்ந்திருந்தது. ஓரத்தைத் தூக்கி அடியிலிருந்த நுரையை அழுத்தினேன், விரல் நனைந்தது. கொஞ்சம் பூஞ்சை வாடையும் வந்தது.

எனக்குக் கவலை தந்தது இந்த நுரைதான். முந்தைய தலைமுறை பாக்ஸ்டரில் சீட்டுக்கு அடியிலேயே ஒரு மின்னணுப் பெட்டி உண்டு. ஓட்டை அடைத்துத் தண்ணீர் உள்ளே வந்து, அந்தப் பெட்டி நனைந்து, சாவியையே ஏற்காமல் வண்டி நின்றுபோவது அதில் பேர்போன கோளாறு. நாங்கள் பார்த்த வண்டி அடுத்த தலைமுறை, ஸ்கேனரில் எந்தக் கோளாறும் காட்டவில்லை. ஆனாலும் ஒருமுறை ஊறிய நுரை, கார்ப்பெட்டை முழுதாகக் கழற்றி வெயிலில் போட்டால் ஒழிய காயாது.

இன்னொரு விஷயம் புதுச்சேரி எண். ஒரு மாநில எண்ணுள்ள வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அந்த மாநிலத்தில் புது எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) எடுத்து, இங்கே வரி கட்டி, புது எண் போட வேண்டும். "எதுக்கு சார் அதெல்லாம், காரைக்கால்ல ஒரு அட்ரஸ் போட்டுக்கலாம், உங்க ஊருக்குப் பக்கம்தானே" என்றார் புரோக்கர். காரைக்கால் பக்கம்தான், அதுவும் புதுச்சேரி யூனியன் பிரதேசம்தான், எண் அப்படியே நீடிக்கும். வாங்கியவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரே பார்க்கப்போகும் வண்டிக்குப் பொய் முகவரி எதற்கு என்றார். வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டதும் அந்த ஐந்து லட்ச வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

கோயம்புத்தூரில் பார்த்தது

கேமன் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. மூடிய கராஜில் இருந்த வண்டி, சர்வீஸ் ரசீதுகள் வரிசையாக இருந்தன, தமிழ்நாட்டு எண். படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றினால் போதும். டயரில் பட்டன் நன்றாக இருந்தது, ஆனால் ஓரத்தில் இருந்த நான்கு இலக்க எண் 14-இல் முடிந்தது, அதாவது 2014-இல் செய்த டயர். எட்டு வருடப் பழைய ரப்பரில் இந்த வேக வண்டியை ஓட்டக் கூடாது. நான்கு டயர் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டோம், பாதிக்கு இறங்கினார்கள்.

முன் பம்பரின் இரு பக்கத் திறப்பிலும் டார்ச் அடித்துப் பார்த்தால், ஏ.சி. கண்டன்சரின் மேல் காய்ந்த இலை படிந்திருந்தது. இந்த வண்டிகளில் ரேடியேட்டரும் கண்டன்சரும் இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னால் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். பம்பரைக் கழற்றாமல் சுத்தம் செய்ய முடியாது. இது பாக்ஸ்டருக்கும் உண்டு என்பதால் இரண்டில் எது என்ற கேள்விக்கு உதவாது. ஆனால் வைக்கோல் பறக்கும் ஊருக்கு வரும் வண்டி என்பதால் எழுதி வைத்துக்கொண்டேன்.

வீட்டில் பார்த்தது

இரண்டு வண்டியையும் பார்த்த பிறகு, வண்டி நிற்கப்போகும் இடத்தைக் காட்டச் சொன்னேன். மூன்று பக்கம் திறந்த கீற்றுக் கொட்டகை. ஒட்டினாற்போல் நெல் மூட்டை அடுக்கும் அறை. தரை மண்தரை, தெருவைவிட ஒரு ஜாண் பள்ளம். வாசலில் வாய்க்கால், அதன் மேல் நடுவில் முதுகு தூக்கிய ஒரு சின்னப் பாலம்.

பாலத்தைச் சோதிக்க வண்டி தேவைப்படவில்லை. இரண்டு மாடலிலும் முன் பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம் 2,415 மில்லிமீட்டர். அந்த நீளத்துக்கு ஒரு மூங்கில் கழியை வெட்டி, இரு முனையிலும் வண்டியின் அடி உயரத்துக்குக் கட்டை கட்டி, பாலத்தின் மேல் நகர்த்தினோம். நடு முதுகில் கழி இடித்தது. எந்தக் கூரை வாங்கினாலும் இந்தப் பாலத்தில் அடி தட்டும். அதுவரை கூரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த வீட்டில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் தம்பி, கொட்டகை ஒழுகுனா வருஷத்துக்கு ஒரு தரம் கீத்து மாத்துறோம். அந்தத் துணிக்கூரை ஒழுகுனா யாரு மாத்துவா?" என்று கேட்டார். "மெட்ராஸுக்குத்தான் போகணும் ஐயா" என்றேன். அது உண்மை. எங்களுக்கு அதிகாரபூர்வ சர்வீஸ் என்றால் சென்னைதான்.

வாங்கியவரின் மனைவி சொன்னது வேறு. கல்லணைப் பக்கம் காலையில் போவதென்றால் கூரையைத் திறந்து போகலாம், ஆனால் தெருவுக்குள் திறந்த வண்டியில் தான் ஏற மாட்டேன் என்றார். வைக்கோல் லாரிக்குப் பின்னால் ஒருமுறை போனால் போதும், தலை முழுதும் பதர்தான் என்பது அவர் இரண்டாவதாகச் சொன்னது. அந்தச் சாலைகளில் பைக்கில் போயிருக்கும் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

எடுத்த முடிவும் காரணமும்

வாங்கியவரின் மனது பாக்ஸ்டரில்தான் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. இரும்புக்கூரை போட்டதால் கேமனின் உடல் பாக்ஸ்டரைவிட வெகுவாகக் கூடுதல் முறுக்கம் தாங்கும், வளைவில் கூர்மையாகத் திரும்பும். ஆனால் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், எதிரே மாடும் டிராக்டரும் நெல் காயப்போட்ட தார்ச்சாலையும் வரும் ஊரில் அந்தக் கூர்மையை எங்கே பயன்படுத்துவது? அந்த வேகத்தில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிறோம் என்ற உணர்வைத் தருவது திறந்த கூரைதான். ஓட்டுவதற்கு மட்டும் என்றால் டெல்டாவுக்கு பாக்ஸ்டர்தான் பொருத்தம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் அதையே சொல்வேன்.

பிறகு வருடத்தை மாதம் மாதமாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். அவரே காகிதத்தில் எழுதினார். ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழியில் காலைப்பனி, ஆனால் ஓட்டலாம். தை, மாசியில் சம்பா அறுவடை. ஆலையும் கொள்முதல் நிலையமுமாக அலைய வேண்டும், சாலையெல்லாம் அறுவடை மிஷின் உதறிய சேறு. சித்திரை, வைகாசியில் விடியற்காலையைத் தவிர கூரையைத் திறந்தால் தலை வெந்துவிடும். எழுதி முடித்துவிட்டு, "நிக்கப்போறதுதான் அதிகம் போலிருக்கே" என்றார்.

நிற்கும் வண்டிக்குத் துணிக்கூரை ஆகாது. துணிக்கூரை அடிக்கடி திறந்து மூடி, ஓட்டைகளைச் சுத்தம் செய்து, காய வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய பொருள். ஈரம் ஊறும் இரண்டு மாதம் திறக்காமல் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கூரை மடியும் குழி, நெல் அறைக்குப் பக்கத்தில் எலிக்கு வாடகையில்லாத வீடு. இரும்புக்கூரை கவனிப்பாரற்றுக் கிடந்தாலும் தாங்கும். கூடவே ஒரு சின்ன சாதகமும் இருந்தது. இரண்டிலும் முன்பக்கம் 150 லிட்டர் இடம், பின்பக்கம் பாக்ஸ்டரில் 130, கேமனில் 260. சென்னைக்கு இருவர் போய்வர இன்னோவாவை எடுக்க வேண்டாம்.

ஆடி முடியட்டும் என்றார் பெரியவர். ஆவணியில் கேமனை வாங்கினார்கள். வண்டி வருவதற்கு முன்பே மூன்று வேலைகள் நடந்தன: பாலத்தின் இரு பக்கமும் சரிவை நீட்டி கான்கிரீட் போட்டது, கொட்டகைத் தரையை மேடாக்கிப் பூசியது, பேட்டரி இறங்காமல் இருக்க ஒரு சார்ஜர் மாட்டியது. நெல் மூட்டைகளை மட்டும் நகர்த்தவில்லை. வேறு இடம் இல்லை என்றார்கள், நானும் வற்புறுத்தவில்லை.

அதன் பின்

அந்த வருடம் மழை சும்மா விடவில்லை. நவம்பர் 11-ஆம் தேதி சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. இவர்கள் ஊரில் அந்த அளவு இல்லை என்றாலும், தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. மேடாக்கிய தரைக்கு நான்கு விரல் கீழே தண்ணீர் நின்றுகொண்டது. வண்டிக்குள் சொட்டு ஈரம் இல்லை. மழை விட்டதும் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்து போட்டோ அனுப்பினார். பழைய தரையாக இருந்திருந்தால் இரும்புக்கூரை ஒன்றும் செய்திருக்காது, தண்ணீர் கீழிருந்தல்லவா வந்திருக்கும்.

டிசம்பரில் வண்டியை எடுத்தபோது டேஷ்போர்டில் ஏ.பி.எஸ். விளக்கும் சறுக்கல் தடுப்பு விளக்கும் ஒன்றாக எரிந்தன. ஸ்கேனர் இடது பின்சக்கர சென்சாரைக் காட்டியது. சக்கரத்தைக் கழற்றினால், வயரின் மேல்தோலை எலி சுத்தமாக உரித்திருந்தது. வயலில் தண்ணீர் நின்றால் வளை மூழ்கி, வயல் எலி மேட்டைத் தேடி வரும். ஊரிலேயே மேடான இடத்தை நாங்கள்தான் கட்டிக்கொடுத்திருந்தோம், பக்கத்திலேயே நெல்லும் இருந்தது. கேமனில் எஞ்சினைப் பார்க்க வேண்டுமானால் பின்பக்கச் சாமான் வைக்கும் இடத்தின் கம்பளத்தையும் மூடியையும் கழற்ற வேண்டும். கழற்றினோம். எஞ்சின் மேல் வைக்கோலும் சாக்குநூலும் சேர்த்து ஒரு கூடு. நல்ல வேளையாக அங்கே வயர் எதுவும் போகவில்லை. சென்சார் வயரை கும்பகோணத்தில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனே ஒட்டுப்போட்டு, மேலே உறை போட்டுக் கொடுத்தார். சென்னைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரமே மூட்டைகளுக்கு வேறு இடம் கிடைத்தது. கொட்டகைக்கு மூன்று பக்கமும் கம்பி வலை அடித்து, வலையின் அடியை ஒரு முழம் மண்ணுக்குள் புதைத்தார்கள். அதன் பிறகு எலி வரவில்லை.

மற்றவை சின்ன விஷயங்கள். பின்பக்கச் சாமான் இடம் எஞ்சினுக்கு நேர் மேலே இருப்பதால் சூடாகும். கும்பகோணத்தில் வாங்கிய கல்யாண மாலையை அங்கே வைத்து மயிலாடுதுறை போய்ச் சேர்வதற்குள் அது வெந்த கீரையாகிவிட்டது, இப்போது பூ என்றால் முன்பக்கம்தான். ஸ்டெப்னி கிடையாது, ஒட்டும் திரவமும் காற்றடிக்கும் சின்ன மிஷினும்தான். வயல் சாலையில் டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அது உதவாது, அதனால் டோ வண்டிக்காரர் நம்பர் எப்போதும் அவரிடம் இருக்கும். பள்ளிக்கூட வாசல் ஸ்பீட் பிரேக்கரைக் குறுக்காக ஏறி இறங்கப் பழகிவிட்டார்.

கூரை இல்லாத குறையை அவர் மறைக்கவில்லை. மார்கழிக் காலையில் இரண்டு கண்ணாடியையும் இறக்கி ஓட்டுகிறார். "பாதி சந்தோஷம்தான் அண்ணே" என்று ஒருமுறை சொன்னார்.

புதுச்சேரி பாக்ஸ்டர் பெங்களூருவுக்குப் போனது. அடுக்குமாடியின் அடித்தள பார்க்கிங்கில் நிற்கிறது, வாங்கியவர் வாரம் தவறாமல் எடுக்கிறார். தள்ளுகோல் முனைகளை மாற்றி, கார்ப்பெட்டைக் காய வைத்து, ஓட்டைகளைச் சுத்தம் செய்ததோடு அதன் கோளாறுகள் தீர்ந்துவிட்டன என்று புரோக்கர் சொன்னார். நம்பலாம் என்றே நினைக்கிறேன். அது மோசமான வண்டி இல்லை, அந்தக் கொட்டகைக்கு ஒத்துவராத வண்டி.

இன்னொரு முறை என்றால்

வரிசையை மாற்றுவேன். முதலில் கொட்டகை, வாசல், போகும் சாலை. அதற்குப் பிறகுதான் புதுச்சேரியும் கோயம்புத்தூரும். மூங்கில் கழிச் சோதனைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது, அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

இன்றைக்கு அந்தக் கொட்டகை வலை அடித்து, மேடாகி, மூட்டை இல்லாமல் இருக்கிறது. முதல் நாளே இப்படி இருந்திருந்தால் பாக்ஸ்டருக்குச் சாதகமாக இன்னும் கொஞ்சம் பேசியிருப்பேன். முடிவு மாறியிருக்காது. ஆலையை நடத்தும் ஒருவர் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வண்டியின் ஓட்டைகளைக் குத்திக்கொண்டிருப்பார் என்று நான் நம்பவில்லை, அவரும் நம்பவில்லை. தினமும் வண்டி எடுக்கும் ஒரு தஞ்சாவூர் டாக்டர் வந்து கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

கண்டன்சர் விஷயத்தில் பேரம் பேசும்போதே இன்னும் அழுத்தியிருக்க வேண்டும். குறுவைக்குப் பிறகு ஒருமுறை, சம்பாவுக்குப் பிறகு ஒருமுறை என்று பம்பரைக் கழற்றி வைக்கோல் தூசியை ஊதி எடுக்கிறார்கள். ஆனாலும் பழைய இலை மக்கி அரித்த இடத்தில் இடதுபக்கக் கண்டன்சர் கசியத் தொடங்கிவிட்டது. ஆர்.சி. 2026-இல் 15 வருடம் முடிந்து புதுப்பிக்க வருகிறது. அதற்கு முன் இரண்டு கண்டன்சரையும் சேர்த்து மாற்றிவிடுவது என்று இப்போதைக்கு ஏற்பாடு.